கலைச்சொல்லும் கரைவலையும்

பள்ளி மாணாக்கர் இலக்கியக் கலைச்சொற்களை எதற்காகக் கற்க வேண்டும்? இந்த வினாவை நம்மிடையே எழுப்புவோர் அரியர். பாடத்திட்டத்தில் இருக்கிறது, பரீட்சையில் கேட்கிறார்கள், ஆகவே கற்க வேண்டும் என்ற அளவில் பேச்சு முடிந்துவிடுகிறது. உவமை, உருவகம், எதுகை, மோனை, திணை, கரு, பாத்திரம் என்று வரிசையாக வரையறை ஒப்புவிக்கும் ஒரு பிள்ளையிடம், "இந்தச் செய்யுளில் அந்த உவமை இல்லாதிருந்தால் என்ன குறைந்திருக்கும்?" என்று கேட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். பெயரைப் பிள்ளை அறியும். பெயர் சுட்டும் பொருளை அறியாது.

குறை பிள்ளையுடையதன்று. கலைச்சொல் என்பது வாசிப்பிலே ஒருவர் பெறும் அனுபவத்துக்கு இடப்பட்ட சுருக்கப் பெயர். அனுபவம் முன்னே வர வேண்டும். பெயர் அதன் பின்னே வர வேண்டும். நம் வகுப்பறைகளில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. பெயர் முதலில் வருகிறது. அனுபவம் பல வேளைகளில் வருவதேயில்லை. இதன் தீங்கு எல்லோரையும் சமமாகத் தாக்குவதுமில்லை. வீட்டிலே நூல்களும், மாலையிலே தனிவகுப்புக்குக் கட்டணமும் உள்ள பிள்ளை எவ்வாறேனும் கரையேறிவிடும். நூல் என்றால் அரசு தரும் பாடநூல் ஒன்றையே கண்டறிந்த பிள்ளைக்கு, விளங்காத கலைச்சொல் ஒரு மதிலாக எழுந்து நிற்கிறது. முதல்மொழிப் பாடத்திலே தவறிய பிள்ளைக்கு உயர்தர வகுப்பின் கதவு எளிதில் திறப்பதில்லை. ஆகவே இதனை இலக்கண ஆசிரியர்களின் உள்வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட இயலாது. இது சமுதாயப் பிரச்சினை.

இப்பிரச்சினையைப் புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையை முன்வைத்து ஆராய விரும்புகிறோம். சிலாபத்துக்கு வடக்கே உடப்பு தொடங்கி, பாலாவியும் புத்தளமும் கடந்து, களப்பைச் சுற்றிக்கொண்டு கற்பிட்டி முனைவரை செல்லும் கரை அது. அங்கே தமிழில் கற்கும் பிள்ளைகள் யாவர்? கடற்றொழிலாளரின் பிள்ளைகள், உப்பளத்தில் கூலிக்கு நிற்போரின் பிள்ளைகள், கற்பிட்டி மணலில் தோட்டம் செய்வோரின் பிள்ளைகள். உடப்பின் இந்துக்களும், தலைமுறை தலைமுறையாக அக்கரையில் வாழும் முஸ்லிம்களும், கத்தோலிக்கரும் அவர்களுள் அடங்குவர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் வந்து தங்கியதும் இம்மாவட்டத்திலேதான். 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டமும், 1980 முதல் கிடைக்கும் இலவசப் பாடநூலும் இல்லையேல் இப்பிள்ளைகளிற் பலர் பள்ளியின் வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். வாசலை மிதித்தவர்களுக்கு உள்ளே என்ன கிடைக்கிறது என்பதே நம் கேள்வி.

இந்தக் கரை இலக்கிய வரலாற்றில் இடமில்லாத கரையுமன்று. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து அச்சேற்றிய முன்னோடிகளுள் ஒருவரான சைமன் காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியிலே பிறந்தவர். அவருடைய 'தமிழ் புளூட்டார்க்' 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூல் தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த புலவர் பலரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுகிறது. அதன் பெருமையை மறுப்பாரில்லை. ஆயினும் அது பெயருள்ள புலவர்களின் பட்டியல். கற்பிட்டிக் கரையிலும் உடப்புக் கரையிலும் கயிறு பிடித்து இழுத்தபடி பாடியவர்களுக்குப் பெயர் இல்லை; பெயர் இல்லாதவர்களுக்குப் பட்டியலில் இடமும் இல்லை. பாடநூலின் கலைச்சொற் பட்டியலிலும் அதே ஓரவஞ்சனை இன்றுவரை தொடர்கிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

முதலில் உவமையை எடுத்துக்கொள்வோம். உவமானம், உவமேயம், பொதுத்தன்மை, உவமவுருபு என்று நான்கு உறுப்புகளைக் கற்பிக்கிறோம். 'போல' என்ற உருபு கண்ணிற் பட்டால் உவமை, படாவிட்டால் உருவகம் என்பது பரீட்சைக்கான குறுக்குவழி. இவ்வழியிற் சென்றவர் புள்ளி பெறலாம். கவிதையைப் பெற மாட்டார். தொல்காப்பியர் உவமையை இவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் வழியாக ஒப்புமை தோன்றும் என்றார். செயலால் ஒத்திருக்கிறதா, விளைவால் ஒத்திருக்கிறதா, வடிவால் ஒத்திருக்கிறதா, நிறத்தால் ஒத்திருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். உருபைத் தேடுபவரை விட்டு ஒப்புமையின் காரணத்தைத் தேடுபவரையே அவர் மாணாக்கராகக் கொண்டார்.

'கடன் கரைவலைபோல அவனைச் சூழ்ந்தது' என்று ஒரு வாக்கியத்தை எழுதுவோம். நகரத்துப் பிள்ளைக்கு இதில் 'போல' தெரியும். கரையோரப் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவோ தெரியும். கயிற்றின் ஒரு தலையைக் கரையிலே விட்டு, வள்ளம் கடலுக்குள் அரைவட்டமாகச் சென்று வலையை இறக்கி, மற்றைத் தலையைத் தொலைவில் வேறோரிடத்தில் கரைசேர்க்கும். இரு அணியினர் இரு கயிற்றையும் இழுத்து இழுத்து ஒருவரையொருவர் நெருங்குவர். நடுவிலே உள்ள மீனுக்குத் தொடக்கத்தில் எதுவும் தெரியாது. கடல் விரிந்தே கிடப்பதாகத் தோன்றும். வட்டம் குறுகிய பின்னரே அது தடுமாறத் தொடங்கும். சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கிய குடும்பத்தின் கதையும் இதுதானே! இங்கே ஒப்புமை வடிவால் வந்ததன்று, நிறத்தால் வந்ததுமன்று. வினையாலும் பயனாலும் வந்தது. இதனைப் பிள்ளை தன் வாயாற் சொல்லிவிட்டால், தொல்காப்பியரின் நான்கு சொற்களும் மனப்பாடமின்றியே மனத்தில் நிற்கும்.

உருவகத்துக்கும் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. வலையின் கடைசியில் மீன் வந்து சேரும் பையை 'மடி' என்கிறார்கள். தாயின் மடியும் மடி. பசுவின் மடியும் மடி. பெண்கள் சேலைத் தலைப்பில் நெல்லோ பூவோ ஏந்துவதும் மடி. இச்சொல்லை முதன்முதல் வலைக்கு இட்டவர் பண்டிதரல்லர். ஆயினும் அவர் செய்தது உருவகம். கடலைத் தாயாகவும் பிடிபட்ட மீனை ஊட்டமாகவும் கண்ட ஒரு பார்வை அச்சொல்லுக்குள் உறைந்து கிடக்கிறது. நாளாந்தப் பழக்கத்தால் நாம் அதனை உணர்வதில்லை. உப்பளத்திலோ உப்பு 'விளைகிறது'. நீர் தேங்கும் இடம் 'பாத்தி' எனப்படுகிறது. விதையில்லை, ஏரில்லை, வெயிலும் காற்றும் உவர்நீரும் மனித உழைப்புமே உண்டு. எனினும் உழவரின் சொற்களெல்லாம் உப்பளத்துக்குக் குடிபெயர்ந்துள்ளன. சங்கப் புலவர் ஒருவர் உப்பு விளைவிப்போரை, ஏர் பிடிக்காத உழவராகவே கண்டார். உழவர்தாம், ஆனால் உழாதவர் என்ற இந்த மோதலில் உருவகமும் இருக்கிறது, முரணும் இருக்கிறது. பாலாவி உப்பளத்தில் தாய் வேலை செய்யும் பிள்ளைக்கு இது விளங்காது என்று யார் சொல்ல முடியும்?

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுக்கவிதையோடு பரவலான படிமம், குறியீடு என்ற சொற்களும் மாணாக்கரை மயக்குகின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதுவது வழமையாகிவிட்டது. உப்புநீரில் நின்று நின்று வெடித்த ஒரு பாதத்தைக் கண்முன் நிறுத்தினால் அது படிமம். அது நம் புலன்களோடு பேசுகிறது. ஒரு கதை முழுவதிலும் அப்பாதம் திரும்பத் திரும்ப வந்து, அப்பெண்ணின் வலியைக் கடந்து உழைப்பவர் அனைவரின் நிலையையும் சுட்டும்போது அது குறியீடாகிறது. பொருள் ஒன்றே; அது நூலில் ஆற்றும் தொழில் வேறு. கலைச்சொல் பொருளுக்கு ஒட்டிய முத்திரையன்று, அது ஆற்றும் தொழிலின் பெயர் என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்திவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி ஓசைக்கு வருவோம். உடப்பின் அம்பாப் பாடல்களை ஈழத்து நாட்டாரியலில் ஈடுபாடுடையோர் அறிவர். கரைவலை இழுக்கும்போது ஒருவர் முன்பாட்டுப் பாட, ஏனையோர் எதிர்ப்பாட்டுக் கொடுப்பர். குரல் எழும்போது தோள்கள் ஒன்றாகப் பின்வாங்கும். குரல் தாழும்போது கை இடம் மாற்றிப் பிடிக்கும். வலை தொலைவில் இருக்கையில் நடை நீண்டு செல்லும். மடி கரையை அணுகுகையில் நடை விரையும். உழைப்பின் தாளத்தோடு பாட்டின் தாளத்துக்குள்ள உறவை ஜெர்மன் அறிஞர் கார்ல் பூச்சர் 1896இல் ஒரு நூலாகவே எழுதினார். அவ்வழியில் மேலும் சென்றவர் ஜோர்ஜ் தொம்சன். நம் பேராசிரியர் கைலாசபதி பேமிங்ஹாமில் ஆய்வு செய்தது அவரிடமே. அவ்வாய்வே 1968இல் தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூலாக ஒக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்தது. உலக அறிஞர் தேடித் தேடி எழுதிய ஓர் உண்மை உடப்பு மணலில் அன்றாடம் ஒலித்தது.

மோனை என்பது அடியிலோ சீரிலோ முதலெழுத்து ஒன்றுதல். எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுதல். இயைபு இறுதி ஒன்றுதல். இவற்றுக்குத் தொடை என்பது பொதுப்பெயர், தொடுக்கப்படுவது தொடை. இந்த வரையறைகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் எழுத்துக் கணக்கே மிஞ்சும். எழுத்தறியாத ஒரு கூட்டம் நூறு அடிகளை நினைவிலே வைத்திருக்க வேண்டும், ஐம்பது பேர் ஒரே கணத்தில் மூச்சிழுக்க வேண்டும் என்றால் எதுகையும் மோனையும் எதற்குப் பயன்படும் என்று கேட்டால், தொடை அலங்காரமன்று, நினைவின் கயிறு என்பது புலப்படும். அண்மைக் காலத்தில் பல கரைகளில் உழவு இயந்திரத்திற் பொருத்திய பொறிகள் கரைவலையை இழுக்கத் தொடங்கின. பொறிக்குப் பாட்டு வேண்டாம். தோளின் சுமை குறைவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கூலியாட்களின் எண்ணிக்கையும் குறைகிறது, பாட்டும் குறைகிறது. 'தொழிற்பாடல்' என்ற கலைச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வரலாற்றையும் சொல்லாமல் விடலாகாது. இலக்கிய வகைகள் வானத்திலிருந்து இறங்குவதில்லை. உற்பத்தி முறையோடு பிறக்கின்றன, அதனோடு மாறுகின்றன.

திணைக் கோட்பாட்டின் கதி இன்னும் இரங்கத்தக்கது. நெய்தலுக்கு முதற்பொருள் கடலும் கடல்சார்ந்த இடமும், எற்பாடும்; உரிப்பொருள் இரங்கல்; கருப்பொருளில் தெய்வம் வருணன், மக்கள் பரதவர், உமணர், தொழில் மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் என்று அட்டவணையாக எழுதிக்கொடுக்கிறோம். கடலைப் பார்த்தபடி கட்டப்பட்ட வகுப்பறையிலிருந்து பிள்ளை அதனைப் படியெடுக்கிறது. தான் வாழும் மண்ணையே வாய்பாடாக எழுதுகிறோம் என்பதை அப்பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. நெய்தற் பாடல்களில் இரங்கும் தலைவி மட்டுமா இருக்கிறாள்? மீனைக் காயவைத்துப் பறவை ஓட்டும் பெண்ணும் இருக்கிறாள். உப்பைக் கொடுத்து நெல்லை மாற்றும் உமணப் பெண்ணும் இருக்கிறாள். பாரமேற்றிய உப்பு வண்டியை இழுக்கும் எருதும் இருக்கிறது. திணையை நிலத்தோடும் உற்பத்தியோடும் சமுதாய அமைப்போடும் இணைத்துப் பார்க்க வேண்டும் என்பதைப் பேராசிரியர் சிவத்தம்பி 1974இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விரிவாக எடுத்துக்காட்டினார். அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அந்த வெளிச்சம் அட்டவணைக்குள் நுழையவில்லை.

இலக்கிய வகைகளின் பெயர்களிலும் இதே குறுகல். பிள்ளைத்தமிழ், உலா, தூது, கலம்பகம் என்று பிரபந்தங்களை எண்ணிக் காட்டும் நாம், கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து ஆகிய வடிவங்களை ஒரு வரியில் ஒதுக்கிவிடுகிறோம். கிஸ்ஸா கதை கூறுவது; மசலா வினாவிடையாய் அமைவது; நாமா வரலாறோ செய்தியோ உரைப்பது; முனாஜாத்து இறைவனை நோக்கிய இறைஞ்சல். அரபு, பாரசீகச் சொற்களைத் தாங்கிவந்த இவை தமிழ் யாப்பிலே வேரூன்றித் தமிழ் வடிவங்களாகவே ஆயின. வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' 1572இல் மதுரையில் அரங்கேறியது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தமிழ் படிக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வினாவிடை வடிவத்தை விளக்க மசலாவை விடுத்து வேறெதனைத் தேடுவது? அப்பிள்ளைகளின் பாட்டனும் பாட்டியும் கேட்டறிந்த வடிவம் தமிழிலக்கியத்தின் நடுக்கூடத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் கடமை ஆசிரியருக்கு உண்டு. உடப்புப் பிள்ளைக்கோ ஆண்டுதோறும் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் விழா நடந்து தீமிதிப்போடு நிறைவுறுகிறது. காப்பியம் என்ற சொல்லுக்கு அதைவிடக் கண்கூடான வாயில் கிடைப்பது அரிது.

இவ்விடத்தில் இரு தரப்பினர் நம்மோடு மாறுபடுவர். ஒரு தரப்பினர், கலைச்சொற்கள் சான்றோர் வகுத்தவை. அவற்றை மீனவர் பேச்சோடு கலப்பது தகாது என்பர். இக்குரல் நமக்குப் புதியதன்று. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்தோர் மக்களின் பேச்சுவழக்கைக் கதைகளில் எழுதியபோது, 1960களின் தொடக்கத்தில் 'இழிசனர் வழக்கு' என்ற வசை எழுந்ததை இலக்கிய உலகம் மறக்கவில்லை. அந்த விவாதத்துக்குக் காலம் விடை கூறிவிட்டது. அப்படைப்புகளிற் சில பின்னர் பாடநூலுக்குள்ளும் வந்தன. ஆனால் வகுப்பறையில் பிள்ளை தன் ஊர்ச்சொல்லைச் சொன்னால் 'கொச்சை' என்று அடக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. கதையிலே இடம் பெற்ற மொழி கதையை விளக்கும் விடையிலே இடம் பெறலாகாதா?

மற்றத் தரப்பினர் முற்போக்கு முகாமிலேயே இருக்கிறார்கள். கருத்தே பெரிது, உழைக்கும் மக்களின் பிள்ளைக்கு எதுகையும் உருவகமும் எதற்கு என்பர். இது பரிவுபோலத் தோன்றும் அலட்சியம். வடிவத்தை அறியாதவர் கருத்தையும் முழுமையாக அறிய முடியாது. ஒரு சிறுகதையை எடுத்துக்கொள்வோம். 'நோக்குநிலை' என்ற கலைச்சொல், கதையை யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்று கேட்கிறது. வலை வெறுமையாய்க் கரையேறிய ஒரு நாளைச் சம்மாட்டியின் கண்ணால் எழுதினால் அது நட்டக் கணக்கு. கயிறிழுத்தவரின் கண்ணால் எழுதினால் அன்றிரவு அடுப்பு எரியாத வீடு. நிகழ்ச்சி ஒன்று, கதை இரண்டு. இந்த ஒரு கலைச்சொல்லைக் கைக்கொண்ட பிள்ளை, நாளிதழ்ச் செய்தியையும் அரசியல் மேடைப் பேச்சையும்கூட 'இது யாருடைய கண்?' என்று கேட்டு வாசிக்கும். இத்தகைய கருவியை உழைக்கும் மக்களின் பிள்ளைகளிடமிருந்து பறிப்பது எந்தவகையிலும் முற்போக்காகாது.

ஆகவே செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுவோம். ஒன்று, வரையறையைப் பாடத்தின் இறுதிக்குத் தள்ள வேண்டும். செய்யுளை உரக்க வாசித்து, அது கேட்பவர் உள்ளத்தில் என்ன செய்கிறது என்று பேசி, அதனைச் செய்தது எது என்று கண்டுபிடித்த பின்னர், அதற்குத் தமிழில் இன்ன பெயர் உண்டு என்று சொல்ல வேண்டும். இரண்டு, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பாடநூல் எடுத்துக்காட்டோடு பிள்ளையின் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைப் பிள்ளையே தேடி வர வேண்டும். தொழிற்சொற்கள், பழமொழிகள், விடுகதைகள், தாலாட்டு, ஒப்பாரி, அம்பா எல்லாம் இதற்குக் களஞ்சியம். மூன்று, வினாத்தாள் மாற வேண்டும். 'இதில் வந்துள்ள அணி யாது?' என்று நிறுத்தாமல், 'அந்த அணி இங்கே என்ன செய்கிறது?' என்று கேட்க வேண்டும். பரீட்சை மாறாமல் வகுப்பறை மாறும் என்று எதிர்பார்ப்பது நடைமுறை அறியாத நம்பிக்கை. ஆசிரியர் பரீட்சைக்கும் பெற்றோருக்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

ஊர் எடுத்துக்காட்டோடு நின்றுவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. மடி என்ற சொல்லில் உருவகத்தைக் கண்ட பிள்ளை கம்பனிடமும் உமறுப் புலவரிடமும் பாரதியிடமும் செல்ல வேண்டும். பிறமொழி இலக்கியங்களுக்கும் செல்ல வேண்டும். கரை புறப்படும் இடம்; அங்கேயே நங்கூரமிட்டுக் கிடப்பதற்கு வள்ளம் எதற்கு? ஆனால் புறப்படும் இடத்தையே இழிவென்று கற்பித்துவிட்டுக் கடலைக் காட்டினால் எந்தப் பிள்ளையும் வள்ளம் ஏறாது.

சிலாபத்துக்குத் தெற்கே நீளும் கரையில், சில தலைமுறைகளுக்கு முன்வரை தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல, பள்ளிமொழி சிங்களமானதோடு 20ஆம் நூற்றாண்டிலே சிங்களம் பேசுவோராயின. சிங்களம் வளமிக்க மொழி. அதனைக் கற்பதில் இழிவில்லை. நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. வீட்டுமொழிக்குப் பள்ளியிலே மதிப்பில்லாதபோது, அம்மொழி வீட்டிலும் நெடுநாள் நிலைப்பதில்லை. இது மொழிகளுக்கிடையே மட்டும் நிகழ்வதன்று. ஒரே மொழிக்குள்ளும், பாடநூல் தமிழுக்கும் கரையோரத் தமிழுக்கும் இடையிலும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

கலைச்சொற்கள் சான்றோருக்கு மட்டும் உரிய சொத்தல்ல. மக்களின் பேச்சிலும் பாட்டிலும் பிறந்தவற்றுக்குப் பின்வந்தோர் பெயரிட்டனர், அவ்வளவே. பெயரைக் கொண்டுபோய் அதன் பொருளை ஆக்கிய மக்களின் பிள்ளைகளிடமே திரும்ப ஒப்படைப்பது தமிழாசிரியரின் பணி. அப்பணிக்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ வேண்டியதில்லை. நாளைய பாடவேளையில் கரும்பலகையில் வரையறையை எழுதுமுன், "உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வார்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பணி தொடங்கிவிடும்.